மஜீத் பாய் முடிக்காத அடுப்படிச் சுவர்

மஜீத் பாய் இறந்த செய்தி வந்தபோது நான் கோரிமேட்டில் ஒரு வீட்டுக் குளியலறையில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தேன். கையெல்லாம் டைல்ஸ் பசை. போன் விடாமல் அடித்தது. எடுத்தால் என் மனைவி மல்லிகாவின் அழுகை. "மஜீத் அண்ணன் போயிட்டாருங்க. காலையில தொழுதுட்டு வந்து ஒக்காந்தவரு அப்படியே சாஞ்சிட்டாராம்." எனக்கு முதலில் வந்த நினைப்பு, இனி இந்த ஊரில் டைல்ஸ் வேலைக்கு முதல் ஆள் நான்தான் என்பது. அடுத்து வந்தது, நான் செத்தால் இவள் இப்படி அழுவாளா என்பது. துக்கம் அதற்கப்புறம்தான் வந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது?

நாற்பதாம் நாள் நம் டைல்ஸ் தொழிலாளர் சங்கக் கூட்டத்தில் படிக்க இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார் நம் செயலாளர். "அவரோட ரொம்ப நாள் பழகனவன் நீதானே ஏழுமலை" என்றார். பழகினேன் என்பது சரிதான். இருபத்திரண்டு வருஷம் அவரைப் பார்த்து வயிறெரிந்தவன் என்பது அதைவிடச் சரி. இங்கே உட்கார்ந்திருக்கும் பாதிப் பேருக்கு அது தெரியும். மீதிப் பேருக்கு இன்று தெரியட்டும்.

எரிச்சல் தொடங்கியது ரெட்டியார்பாளையத்தில், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பிரான்ஸ் பென்ஷன் வாங்கும் ஒரு சொல்தா வீட்டில். அடுப்பு மேடைக்கு மேலே சுவரில் டைல்ஸ் ஒட்ட வேண்டும். எங்கள் இருவரையும் வந்து பார்க்கச் சொல்லியிருந்தார்கள். நான் டேப்பை இழுத்து நீள அகலம் எடுத்து, பத்து நிமிஷத்தில் கணக்குச் சொல்லிவிட்டேன். மஜீத் பாய் டேப்பையே எடுக்கவில்லை. வீட்டம்மாவைக் கூப்பிட்டு, "அடுப்புக்கு முன்னால நில்லுங்கம்மா. நெசமா சமைக்கற மாதிரியே நில்லுங்க" என்றார். அந்த அம்மா வெட்கப்பட்டுக்கொண்டே நின்று, வெறும் வாணலியில் கரண்டியைச் சுழற்றினார். இடது கைக்காரர். "எண்ணெ உங்களுக்கு இந்தப் பக்கமாத்தான் தெறிக்கும். முழு டைல்ஸ் இங்க வரட்டும், வெட்டுத் துண்டெல்லாம் அந்த மூலைக்குப் போவட்டும்" என்றார் பாய். அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "முப்பது வருஷமா இந்த மேடையில நிக்கறேன், ஒருத்தரும் என்னைக் கேட்டதில்ல. மெர்சி பாய்" என்று பிரெஞ்சிலேயே நன்றி சொன்னார். வேலை யாருக்குப் போனது என்று சொல்லவும் வேண்டுமா?

நான் அதை நடிப்பு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பாயின் காதுக்கும் போயிருக்கிறது. அவர் கோபப்படவில்லை. "சுவத்த மட்டும் பாத்தா பாதி வேலைதான் ஏழுமலை, அதுக்கு முன்னால நிக்கறவங்களையும் பாக்கணும்" என்று மட்டும் சொன்னார். அப்படி அமைதியாகச் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன். அந்த வித்தையை நானும் ஒருமுறை செய்து பார்த்தேன். பாய் கால் படாத ஏரியா என்று நம்பி, வில்லியனூர்ப் பக்கம் ஒரு வீட்டில், குரலைக்கூட அவர் மாதிரித் தாழ்த்திக்கொண்டு, "அடுப்புக்கு முன்னால நில்லுங்கம்மா" என்றேன். அந்தப் பெண் சட்டென்று சிரித்துவிட்டாள். "எங்கக்கா வீட்டுல மஜீத் பாய் இப்படித்தான் கேட்டாரு. நீங்க அவருகிட்ட வேலை கத்துக்கிட்டீங்களா?" அன்று சுவரில் ரசமட்டத்தை வைத்தால் நடுவில் நிற்கவேண்டிய குமிழி என் கண்ணுக்கு நிற்கவே இல்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். என் வீட்டு விஷயம்தான் பொறுக்கவில்லை. ஊரார் அடுப்படியெல்லாம் பளபளவென்று ஒட்டிக் கொடுக்கும் எனக்கு, என் வீட்டு அடுப்படிச் சுவர் பதினொரு வருஷம் வெறும் சிமென்ட் பூச்சுதான். இந்த வேலை முடியட்டும், அடுத்த வேலை முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே போனேன். மல்லிகா வருஷா வருஷம் பழைய காலண்டர் தாளை ஒட்டி எண்ணெய்க் கறையை மறைத்தாள். நம் ஆட்கள் பல பேர் வீட்டில் இதே கதைதான் என்பது எனக்குத் தெரியும், யாரும் சிரிக்க வேண்டாம். ஒருமுறை நான் திண்டிவனத்தில் நாலு நாள் வேலை முடித்துத் திரும்பினேன். அடுப்படியில் வெளிர்பச்சை டைல்ஸ், மேடை நீளத்துக்கும், ஒரு கோடு பிசகாமல். "யாரு செஞ்சது?" என்றேன். கேட்கும்போதே தெரிந்துவிட்டது.

"மஜீத் அண்ணன்தான். நான்தான் கூப்பிட்டேன்" என்றாள் மல்லிகா. "ஏழுமலைய ஒரு வார்த்தை கேட்டுக்கோம்மான்னு அவரும் சொன்னாரு. பதினோரு வருஷமா கேட்டுக்கிட்டுத்தாண்ணே இருக்கேன்னேன். அதுக்கப்புறம் பைய எறக்கி வெச்சிட்டு வேலைய ஆரம்பிச்சிட்டாரு." அடுப்புக்கு முன்னால் நிற்கச் சொன்னாரா என்று கேட்டேன். "ஆமா" என்று சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு சந்தோஷம். அந்த முகத்தை நான் கல்யாணம் ஆன புதிதில் பார்த்தது. அன்றிலிருந்து பாயிடம் பேச்சை நிறுத்தினேன்.

பேச்சைத்தான் நிறுத்தினேன், அவர் வேலையில் குறை தேடுவதை விடவில்லை. மல்லிகா கடைக்குப் போகும் நேரம் பார்த்து, கொத்துக் கரணையின் பிடியால் ஒவ்வொரு டைல்ஸாகத் தட்டுவேன். பின்னால் பசை சரியாகப் பிடிக்காவிட்டால் டொக்கென்று சத்தம் வரும், உங்களுக்குத் தெரியாததில்லை. குழாய்க்குப் பக்கத்தில், இரண்டாவது வரிசையில், ஒன்று டொக்கென்றது. எனக்கு வந்த மகிழ்ச்சியைச் சொன்னால் நீங்களே காறித் துப்புவீர்கள். மறுநாள் காலை டீக்கடையில் நம் ஆட்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள், பாயும் இருந்தார். ஒரு வருஷத்துக்கு மேல் பேசாதவன், எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். "பாய், எங்க வூட்டுல நீங்க ஒட்டனதுல ஒண்ணு டொக்கு."

"கொழா பக்கத்துல இருக்கறதா?" என்றார். ஆமாம் என்றேன். "தப்புதான் ஏழுமலை. ஞாயித்துக்கெழம வந்து பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தார். மஜீத் பாய் வாயால் தப்பு என்று சொல்லவைத்தவன் நான் ஒருவன்தான். மூன்று நாள் தரையில் கால் படாமல் நடந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார். பட்டையான கத்தியை இடுக்கில் விட்டார், டைல்ஸ் அலுங்காமல் கையோடு வந்தது. என்னைக் கிட்டே கூப்பிட்டுக் காட்டினார். பின்னால் தண்ணீர்க் குழாயின் இணைப்பு. வீடு கட்டும்போது நானே என் கையால் போட்டுச் சுவருக்குள் பூசியது. "நான் வந்தப்ப இது கசிஞ்சு பூச்செல்லாம் ஊறிக் கெடந்துது" என்றார், மல்லிகாவுக்குக் கேட்காத குரலில். "கசிவு நிக்க டேப்பு சுத்தி முறுக்கிட்டேன். மறுபடி கசிஞ்சா சுவரு பூரா ஒடைக்கக் கூடாதேன்னு இத மட்டும் லேசா ஒட்டி வெச்சேன். ஒங்கிட்ட தனியா சொல்லணும்னு பாத்தேன். நீதான் மொகத்தத் திருப்பிக்கினு போயிட்டியே."

கூடத்திலிருந்து மல்லிகா, "என்ன ஆச்சுண்ணே?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்லம்மா, என் வேலைதான் சரியில்ல. இதோ ஆச்சு" என்றார் பாய். நான் வாயைத் திறக்கவில்லை. டீக்கடையிலும் போய்ச் சொல்லவில்லை. வேலையில்தான் என்னைவிட ஒசத்தி என்று நினைத்திருந்தேன், குணத்திலும் ஒசத்தியாக இருந்து தொலைத்தார். அன்றைக்கு அவர் மேல் வந்த கோபம் அதுவரை வந்ததிலெல்லாம் பெரியது. ஆனாலும் அதற்குப் பிறகு பேச ஆரம்பித்தோம். மல்லிகா டீ போட்டாள், பாய்க்கு மட்டும் ஏலக்காய் தட்டிப் போட்டதை நான் கவனிக்காமல் இல்லை.

பாய் இறந்து பத்து நாள் இருக்கும். உழவர்கரையிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். "பாய் எங்க வூட்டுல நாலு வரிசை ஒட்டிட்டுப் போனாரு. வெள்ளிக்கெழம தொழுகை முடிச்சிட்டு வரேன்னாரு, அப்புறம் வரவேயில்ல. மீதிய நீங்க முடிச்சிக் குடுப்பீங்களா?" செங்கல் அளவில் சின்ன வெள்ளை டைல்ஸ், மொத்தம் ஏழு வரிசை. உண்மையைச் சொன்னால் நான் ஒரு திட்டத்தோடுதான் போனேன். இரண்டு கை வேலை ஒரே சுவரில் ஒத்துவராது என்று சொல்லி, அவருடையதைப் பெயர்த்தெடுத்துவிட்டு ஏழு வரிசையும் நானே ஒட்டுவதாக இருந்தேன். நாலு வரிசையையும் தட்டிப் பார்த்தேன். ஒன்றுகூட டொக்கு இல்லை. மேலே வெறும் சுவரில் மீதி மூன்று வரிசைக்கும் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார், எந்த மூலையில் எவ்வளவு வெட்ட வேண்டும் என்பது வரை. பெயர்த்தெடுக்கக் கை வரவில்லை. அவர் கோட்டிலேயே ஒட்டினேன். ஒரு நாளில் முடிகிற வேலைக்கு இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் இடுக்குப் பூச்சை ஸ்பாஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள். "யாருக்கா செஞ்சது, இவ்வளவு அழகா இருக்கே?" வீட்டம்மா கீழ் வரிசையிலிருந்து மேல் வரிசை வரைக்கும் விரலை ஓட்டிக் காட்டி, "மஜீத் பாய் கை வேலை. அவரு கடைசியா செஞ்ச சுவரு" என்றார். என்னை வைத்துக்கொண்டு வேண்டுமென்று சொல்லவில்லை. மீதியை ஒட்டியது நான் என்பது அவருக்குத் தெரியும், ஆனால் வித்தியாசம் தெரியாததால் அந்த நேரம் அது நினைவுக்கே வரவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் என் பக்கம் திரும்பி, "நீங்க?" என்றாள்.

நெஞ்சு வரைக்கும் வந்துவிட்டது. மேல் மூன்று வரிசை என்னுடையதம்மா என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? "நான் பாய்கூட வேலை செய்யறவன்மா" என்றேன்.

அது பொய்யில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து செய்த சுவர் அது ஒன்றுதான். அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்திருப்பது, அவர் பேரில் நிற்கும் அந்த மூன்று வரிசை. பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. நேற்று மல்லிகா அவர் வீட்டுக்கு, அவருக்காக ஓதிய பாத்திஹாவுக்குப் போய்வந்து கண்ணைத் துடைத்தபோதும் எரிந்தது. அந்த மூன்று வரிசையைப் பற்றி அவளிடம்கூடச் சொல்லவில்லை, உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன். யாரும் உழவர்கரைக்குப் போய் அந்த அம்மாவுக்கு அதை ஞாபகப்படுத்திவிடாதீர்கள்.