முன்னால் தள்ளிய நான்கு நாட்கள்

எங்கள் ஆஸ்பத்திரியில் சக்கர நாற்காலி தள்ளும் என் அக்கா புருஷனுக்கு ‘ரிவர்ஸ்’ என்று பெயர். நான் அங்கே லிஃப்ட் இயக்குகிறவன். பெயர் வைத்ததும் நான்தான். லிஃப்ட் வாசலில் இரண்டு விரல் அகல இடைவெளி உண்டு. முன்னால் தள்ளினால் நாற்காலியின் சின்னச் சக்கரங்கள் அதில் விழுந்து எழும். மாமா நாற்காலியைத் திருப்பி, தான் பின்னால் நடந்தபடி, பெரிய சக்கரம் முதலில் வரும்படி இழுப்பார். தூங்குகிற நோயாளி விழிக்க மாட்டார். ஆனால் நோயாளியைப் பின்பக்கமாக இழுக்கக் கூடாது என்பது விதி. சுவரிலேயே ஒட்டியிருக்கிறது. பதினோரு வருடமாக அந்தத் தாளுக்கு எதிரேதான் மாமா விதியை மீறுகிறார்.

யாரையும் லேசில் நம்ப மாட்டார். வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். நான்காவது முறை அக்காவை இழுத்துப் பார்க்கச் சொல்வார்.

அப்படிப்பட்டவர் பின்னால் ஒரு நாள் நோட்டும் கையுமாக ஒரு பெண் வந்து நின்றாள். நாற்காலி செய்யும் கம்பெனியாம். நான்கு நாள் கூடவே இருந்து, வேலையைப் பார்த்து, அதற்குத் தகுந்த மாதிரி புது நாற்காலி செய்வார்களாம். நம்மைப் பார்த்தா செய்வார்கள்? போன மாதம்தான் ஆட்குறைப்புப் பேச்சு அடிபட்டிருந்தது.

"மேனேஜர் அனுப்பின ஆளு மாமா. விதிப்படியே தள்ளுங்க" என்று காதில் ஓதினேன்.

நான்கு நாளும் மாமா முன்னால்தான் தள்ளினார். வாசலில் பின்பக்கக் கம்பியைக் காலால் மிதித்து, முன்சக்கரத்தைத் தூக்கி, தோள் இற்றுப்போக ஏற்றினார். ரிவர்ஸ் என்று யாரும் கூப்பிடக் கூடாது என்று மாடி மாடியாகச் சொல்லி வைத்தேன். அவள் எல்லாவற்றையும் எழுதினாள். அவர் தண்ணீர் குடித்தால்கூட எழுதினாள். எனக்கு எரிச்சலாக வந்தது.

மூன்று மாதம் கழித்து மாதிரி நாற்காலி ஒன்று வந்தது. மிதிக்கக் கஷ்டப்பட்டாரே என்று பின்னால் அகலமாக ஒரு மிதிகட்டை வைத்திருந்தாள். மாமா வழக்கம் போல இழுத்தார். கட்டை முழங்காலுக்குக் கீழே எலும்பில் இடித்தது. ஒரு வாரத்தில் இரண்டு காலும் கன்றிப்போயின. அவர் சரி என்றால் இதே போல் அறுபது வரும். வேண்டாம் என்றால் ஏன் என்று சொல்ல வேண்டும்.

கேட்டுப்போக அவள் லிஃப்ட் வாசலுக்கே வந்தாள். கூடவே மேனேஜர். மேனேஜர் அனுப்பின ஆள் என்று நான் சொன்னது சரிதானே? வாயைத் திறக்காதீர்கள் என்று மாமாவுக்குக் கண் ஜாடை காட்டினேன். நன்றாக இருக்கிறது என்றார் மாமா. அவள் அவருடைய நடையைப் பார்த்தாள். காலைக் காட்டச் சொன்னாள்.

"முன்னால தள்ளுறவருக்கு இங்க அடிபடாதே" என்றாள்.

மாமா மேனேஜரைப் பார்த்தார். "சார் கொஞ்சம் அந்தப் பக்கம் போகட்டும். சொல்றேன்."

மேனேஜர் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் போனார். நோட்டையும் மூடச் சொன்னார் மாமா. மூடினாள். அவளைப் பழைய நாற்காலியில் உட்கார வைத்து என் லிஃப்டுக்குள் இழுத்தார். உள்ளே வந்துவிட்டது அவளுக்கே தெரியவில்லை. இதை ஏன் அப்போதே காட்டவில்லை என்று கேட்டாள். நான் பொத்தான்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இப்பவும் உங்கள நம்பலம்மா" என்றார் மாமா. "ஆனா இந்தக் கட்டையோட அறுபது வந்துட்டா இழுக்க முடியாது, எல்லாரும் முன்னாலதான் தள்ளியாகணும். வயித்துல தையலோட உக்காந்திருக்கிறவங்க அந்தக் குலுக்கலத் தாங்க மாட்டாங்க."

நான்கு நாளும் நான் யோசித்தது அவருடைய வேலையைப் பற்றி மட்டும்தான். நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருப்பது எனக்கு ஞாபகமே வரவில்லை. வெட்கமாக இருந்தது.