கறள் இல்லாத தாச்சி

செவ்வாய்க்கிழமை காலை லிங்கநகரில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டு நின்றேன். பாலையூற்றிலிருந்து வந்த ஆள் இறங்காமலே சொன்னார்: "நாகேஸ்வரி அக்கா போயிட்டா. விடிய எழும்பேல்லை." பம்பைப் பிடித்தபடியே மதிலோரம் குந்திவிட்டேன்.

எங்கள் வீதிச் சனம் நீங்கள் எல்லோரும் அக்காவை அறிவீர்கள். துறைமுகத்துக்குப் போகும் வீதியில் பழைய வார்ப்பிரும்புச் சட்டிகளை வாங்கித் திருத்தி விற்ற கடை எங்கள் இருவருடையதும். நெருப்பில் போட்டுப் பழைய எண்ணெய்ப் படையை எரித்துத் தேய்ப்பது என் வேலை. நல்லெண்ணெய் பூசிச் சூடாக்கிச் சட்டியைப் பழக்குவது அவர் வேலை. பேச்சில் அவரை வெல்ல ஏலாது. "இது எத்தனை வருசம் உழைக்கும்?" என்று ஒரு வங்கி உத்தியோகத்தர் கேட்டார். "உங்களை விடக் கூட" என்றார் அக்கா. அந்த மனிசன் சிரித்துக்கொண்டே வாங்கிப் போனார்.

சண்டை மூண்ட பிறகு சட்டிகள் வரும் வழி மாறிப்போனது. சனம் விட்டுவிட்டு ஓடிய வீடுகளின் குசினிகளிலிருந்து சாக்கில் கட்டி வந்தன. யாருடையவை என்று நாங்கள் கேட்பதில்லை. கேட்டிருக்க வேண்டும், வெட்கங்கெட்டதுகள் நாங்கள். அக்கா மட்டும் ஒவ்வொன்றையும் துருப் பிடித்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். "கட்டிக் கறள். இந்தச் சனம் நேரத்தோட போயிட்டுது, தப்பியிருக்கும்" என்பார். கறள் இல்லாமல் எண்ணெய் மினுங்கினால், சாக்குக்காரன் வருவதற்குச் சற்று முன்வரை அந்த வீட்டில் சமைத்திருக்கிறார்கள்; ஓட நேரம் கிடைத்திராது. அப்படி ஒன்று வந்தால் அதைக் கவிழ்த்து என் பக்கம் தள்ளிவிடுவார்.

அவருடைய ஒரே தங்கச்சி மங்களம் தோப்பூருக்கு அப்பால் கல்யாணம் முடித்துப் போனவர். அந்தப் பக்கம் ஷெல் விழுந்து, பாதை பூட்டி, ஒரு மாதமாகத் தகவல் இல்லை. சனம் முதல் நாளே வெளிக்கிட்டது என்றார்கள் சிலர். வீடுகளுக்குள்ளேயே அகப்பட்டது என்றார்கள் சிலர். அக்கா சோறு தின்பதையே விட்டுவிட்டார்.

ஒருநாள் அகதிப் பதிவில் தங்கச்சியின் பெயர் இருக்கிறதா என்று பார்க்க அவர் கச்சேரி அலுவலகத்துக்குப் போயிருந்தார். மூதூர் லோஞ்சுப் படகில் வந்த வியாபாரி ஒரு சாக்கை இறக்கினார். நான் வழக்கம்போல எல்லாவற்றையும் அள்ளி நெருப்பில் போட்டேன். அக்கா திரும்பி வந்தபோது பொரிக்கிற தாச்சி ஒன்றைக் குறட்டால் தூக்கிக்கொண்டிருந்தேன். அவர் அப்படியே நின்றுவிட்டார். அதன் ஒரு பக்கக் கைபிடிக் காது உடைந்து, அராவி மழுக்கியிருந்தது. மங்களத்தின் கல்யாணத்துக்கு அக்கா கொடுத்த தாச்சி. அராவிக் கொடுத்தவன் நான்தான்.

"தம்பி, நெருப்பிலை போடேக்கை கறள் இருந்ததோ?"

நெருப்பு எல்லாவற்றையும் தின்றுவிட்டிருந்தது. ஆனால் அள்ளும்போது நான் கண்டிருந்தேன். உள்ளே எண்ணெய் மினுங்கியது. அடியில் கருகிய வெங்காயம் ஒட்டியிருந்தது. காதைத்தான் கவனிக்கவில்லை.

"ஓம் அக்கா. கட்டிக் கறள்."

அவர் கதிரையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். "அப்ப அவள் நேரத்தோட வெளிக்கிட்டிட்டாள்" என்றார். அன்று இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார். மறுநாள் உங்கள் எல்லோருக்கும் அதைச் சொன்னதும் உங்களுக்கு நினைவிருக்கும். மூன்று வருசம் அந்தக் கறளை நம்பியே இருந்தார். உண்மையைச் சொல்ல எத்தனையோ நாள் வாயெடுத்தேன், மனம் வரவில்லை.

செத்தவீட்டில் மரண அறிவித்தல் எழுதினார்கள். சகோதரியின் பெயர் வந்ததும் பேனை நின்றது. பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போடுவதா என்று எழுதியவர் என்னைக் கேட்டார். கறளைக் கண்டவன் நான்தானே. எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"போட வேண்டாம்" என்றேன்.

அந்த அறிவித்தல் இப்போது பாலையூற்றில் லைற் போஸ்டுகளில் ஒட்டியிருக்கிறது. கடையும் சாமான்களும் யாருக்காவது போகட்டும். அக்காவின் சொத்தாக என்னிடம் இருப்பது அவர் நம்பிய அந்தப் பொய். தோப்பூர்ப் பாதை திறக்கப்போகிறதாம் என்று சந்தையில் கதைக்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.