மாமியார் வேண்டாமென்ற இடங்கள்

மடிசார்ப் புடவை நனையாமல் ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, விரிக்காத குடையை மறு கையால் ஊன்றிக்கொண்டு, முன்பின் தெரியாத ஓர் ஊரின் விடுதிக்குள் என் மாமியார் விடுவிடென்று நுழைகிறார். அந்தப் பயணத்தை நினைத்தால் முதலில் வருவது இந்தக் காட்சிதான். மாமனாரும், காரை ஓட்டிவந்த என் கணவரும், நானும் காருக்குள் உட்கார்ந்திருப்போம். மாமியார் வாடகை கேட்க மாட்டார், அறையைக்கூடச் சரியாகப் பார்க்க மாட்டார். நேரே கொல்லைப்புறம் போவார், மாடிப்படியை அண்ணாந்து பார்ப்பார், திரும்பி வந்து கார்க் கதவைச் சாத்திக்கொண்டு, "சரிப்படாது. வண்டியை எடுடா" என்பார். ஏன் சரிப்படாது என்று மட்டும் சொல்லவே மாட்டார்.

அறுபதுகளின் தொடக்கம் அது. ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் எங்கள் வீடு. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற மாமனார் ஒரு பழைய காரை வாங்கி, அதைத் துடைத்துத் துடைத்தே பொழுதைப் போக்கிக்கொண்டிருந்தார். அதை எங்காவது ஓட்டிப்போக அவருக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. எனக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகியும் குழந்தை இல்லை என்பது காரணமாக அமைந்தது. நாகப்பட்டினத்தில் தொடங்கி, கடற்கரையை ஒட்டியே வடக்கே போய், வழியிலுள்ள பெருமாள்களை எல்லாம் சேவித்துவிட்டு வருவதாக வேண்டிக்கொண்டார். ஐப்பசி அடைமழையில் யாராவது கடலோரம் போவார்களா என்று தெருவே கேட்டது. "பெருமாளை மழை, வெயில்னு பார்த்தா சேவிக்கறது?" என்று அவர் எல்லோர் வாயையும் அடைத்துவிட்டார்.

கிளம்ப நாள் குறித்த பிறகுதான் எனக்கு அந்த மாதம் தள்ளிப்போயிருப்பது உறுதியாயிற்று. நான் யாரிடமும் சொல்லவில்லை. அதற்கு முன் இரண்டு முறை வாய் கொள்ளாமல் சொல்லி, வீடே கொண்டாடி, உறவெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போன கையோடு எல்லாம் கலைந்துபோயிருந்தது. வலியைவிட, அதன்பிறகு ஒவ்வொருவரும் வந்து துக்கம் விசாரித்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. இந்த முறை வயிறு தானாகத் தெரிகிறவரை வாயைத் திறப்பதில்லை என்று வைராக்கியமாக இருந்தேன். எங்களைப் போன்ற வீட்டில் இதை மறைப்பது சுலபமல்ல. மாதத்தில் மூன்று நாள் கொல்லை அறையில் தனிப் பாயும் தனித் தட்டுமாக விலகி உட்கார வேண்டும். உட்காராவிட்டால் வீட்டுப் பெண்களுக்கு உடனே தெரிந்துவிடும். நல்ல வேளையாக மாமியார் அப்போது தென்னூரில் மகள் வீட்டில் இருந்தார். பயணத்துக்கு முதல் நாள்தான் திரும்பினார். தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

தஞ்சாவூர் தாண்டியதுமே என் நிம்மதி போயிற்று. மழையில் சாலை குண்டும் குழியுமாகக் கிடந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் கார் இறங்கி ஏறும்போது புடவைத் தலைப்புக்கு அடியில் வயிற்றைக் கையால் அணைத்துக்கொண்டேன். 'கொஞ்சம் மெதுவா ஓட்டுங்கோ' என்று சொல்ல நாக்கு நுனிவரை வரும். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது என்று விழுங்கிவிடுவேன். ஆனால் நான் விழுங்கியதை மாமியார் சொல்லிக்கொண்டே வந்தார். "மெதுவாப் போடா, எனக்குத் தலையைச் சுத்தறது" என்று மகனை அதட்டிக்கொண்டே இருந்தார். அவருக்குத் தலை சுற்றி நான் பார்த்ததே கிடையாது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

நாகப்பட்டினத்தில் முதலில் பார்த்த விடுதி சுத்தமாக இருந்தது. அறை மாடியில். மாமியார் செங்குத்தான மரப்படியைப் பார்த்துவிட்டு வேண்டாமென்றார். அடுத்தது ஒரு சத்திரம். குளிப்பதற்குக் குளத்துக்குத்தான் போக வேண்டும். படித்துறை முழுக்கப் பாசி. அதுவும் சரிப்படாது. மூன்றாவது, மாமனாருக்குத் தெரிந்தவர் வீடு. அங்கே ஏதோ விசேஷத்துக்கு வந்த கூட்டம் கூடத்தை அடைத்துக்கொண்டு படுத்திருந்தது. வாசலோடு திரும்பினோம். வானம் கருக்கிட்டது. கடலில் புயல் சின்னம் என்று ரேடியோவில் சொன்னதாகத் தெருவில் பேசிக்கொண்டார்கள். என் கணவர் பொறுமை இழந்து ஸ்டியரிங்கைத் தட்டினார். "உங்க அம்மா வைகுண்டத்துக்குப் போனாலும் கொல்லைப்புறத்தைப் பார்த்துட்டுத்தான் உள்ளே போவா" என்றார் மாமனார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடிவயிற்றில் லேசாக ஒரு பிடிப்பு தொடங்கியிருந்தது. ஆசாரம் ஆசாரம் என்று இந்த மனுஷி என் குழந்தையைக் குலுக்கியே கொன்றுவிடப்போகிறாள் என்று மனசுக்குள் அவரைத் திட்டினேன்.

வடக்கே இன்னும் கொஞ்ச தூரம் போனதும் ஒரு சின்ன ஊர் வந்தது. அதன் பெயரை எழுத எனக்கு மனமில்லை. சாலையோரம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி. கேட்டின் மேல் சிலுவை. நோயாளிகளோடு வருகிறவர்கள் தங்குவதற்கென்று உள்ளே வரிசையாக ஓட்டு அறைகள் இருந்தன. மாமியார் நிறுத்தச் சொல்லி இறங்கிப் போனார். இந்த முறை கொல்லைப்பக்கம் போகவில்லை. ஆஸ்பத்திரிக்குள்ளேயே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்தார்.

"இங்கேயே தங்கலாம்" என்றார்.

வெளியூரில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவர், தளிகைக்குச் சொந்தமாக அடுப்பும் பாத்திரமும் கட்டி எடுத்து வந்தவர், சிலுவை போட்ட இடத்தில் தங்கலாம் என்கிறார். "இங்கேயா?" என்று கேட்டார் மாமனார்.

"மழை வலுக்கறது. இறங்குங்கோ."

ஆண்கள் சாமான்களை இறக்கிக்கொண்டிருந்தபோது மாமியார் எனக்குப் பாயை விரித்தார். என் பக்கம் திரும்பாமலே, "வலி ஏதாவது இருக்காடி?" என்றார். நான் சட்டென்று அவர் பக்கம் திரும்பினேன். "நேத்து அடுப்பை எடுக்கக் கொல்லை அறையைத் திறந்தேன். உன் தட்டுமேல தூசி படிஞ்சு கிடந்தது. நீயா சொல்லாததை நான் எப்படிக் கேக்கறது? போன தடவை எல்லாரும் கேட்டுக் கேட்டுத்தானே நீ நொந்துபோனே. வேண்டுதலை நிறுத்தவும் பயமா இருந்தது. இங்கே லேடி டாக்டர் இருக்கா. பேசிட்டு வந்துட்டேன்" என்றார். நான் அப்படியே பாயில் உட்கார்ந்து அழுதேன். அவர் கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். நான் சொல்லியிருந்தால் அவர் பயணத்தை நிறுத்தியிருப்பார். ஒருவருக்கொருவர் இதமாக நடந்துகொள்கிறோம் என்று நினைத்து இருவருமே வாயை மூடிக்கொண்டு காரில் ஏறியிருக்கிறோம்.

மறுநாள் காலையில் ரத்தம் கண்டது. "நீங்க எந்திரிக்கவே கூடாதும்மா. படுத்தே இருங்க, பாப்போம்" என்றார் டாக்டரம்மா. அந்த 'பாப்போம்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி கிடந்தேன். வெளியே காற்று தென்னைகளைப் போட்டு உலுக்கியது. இந்த நிலையில் என்னைத் தொட்டால் தீட்டு. மாமியார் என்னைத் தொட்டுத் துடைத்துத் துணி மாற்றிவிட்டு, கொட்டுகிற மழையில் கிணற்றடிக்குப் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டு வருவார். நான் கூப்பிட்டால் மறுபடி தொடுவார், மறுபடி போய்க் குளிப்பார். அவர் நடுங்குவதைப் பார்க்க முடியாமல் கூப்பிடாமலே பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். அது அவருக்குப் புரிந்துவிட்டது. "எத்தனை தடவைடி நனையறது? பெருமாள் மன்னிப்பார்" என்று சொல்லி ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அதன்பிறகு என் கையை அவர் விடவில்லை. புயல் வேறெங்கோ கரை கடந்தது. குழந்தை நிற்கவில்லை.

பிற்பாடு பெருமாள் கண் திறந்தார். எனக்கு இரண்டு பெண்கள் பிறந்தார்கள். இப்போது அவர்கள் வெளியூர் கிளம்பும்போது, தங்கும் இடங்களின் படங்களை உட்கார்ந்த இடத்திலேயே போனில் தள்ளித் தள்ளிக் காட்டுகிறார்கள். "எங்கேம்மா தங்கலாம்? நீயே சொல்லு" என்பார்கள். நான் ஏதாவது நச்சரிப்பேன். கீழ்த்தளமாக இருக்கட்டும், பக்கத்தில் டாக்டர் இருக்கிறாரா என்று கேள். அம்மாவைத் திருப்திப்படுத்தவே முடியாது என்று சலித்துக்கொள்கிறார்கள். சலித்துக்கொள்ளட்டும். எங்கே வேண்டுமானாலும் தங்கலாம் என்று மட்டும் என் வாயில் வராது. அந்த வார்த்தையை ஒருவர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அந்தப் பயணத்தில், டாக்டரம்மா போகலாம் என்று சொன்ன பிறகு கார் ஊருக்குத் திரும்பியது. மற்றப் பெருமாள்களைப் பற்றி யாரும் பேச்சே எடுக்கவில்லை. வழியில் வாய்க்கால் உடைந்து சாலையில் தண்ணீர் ஓடியதால் அன்றைக்கே ஸ்ரீரங்கம் போய்ச் சேர முடியாது என்று தெரிந்தது. மாமனார் தயங்கித் தயங்கி, முன் சீட்டிலிருந்து திரும்பி, "எங்கே தங்கலாம்னு சொல்லு. நீ சொல்ற இடத்துல நிறுத்தறோம்" என்றார். அந்தக் குரலில் கேலி இல்லை.

மாமியார் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கே வேணும்னாலும் நிறுத்துங்கோ" என்றார்.

கண்ணில் பட்ட முதல் விடுதியில் நிறுத்தினார்கள். அறை மாடியில் இருந்தது. மாமியார் கொல்லைப்புறம் போகவில்லை, படியையும் பார்க்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினார்.