அக்கா அத்தானைத் துரத்திவிட்ட மாரி

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அப்படித்தான் அத்தான் சித்தாண்டியில் இருந்து ஆரையம்பதிக்கு, எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். வந்த புதிதில் கழுத்தெலும்பு தெரிகிற ஒல்லி மனிதர். ஏர் பிடித்துக் காய்த்த கை. என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு வாவிக்கரை வரை ஒரே ஓட்டமாக ஓடுவார். அக்காவுக்குப் புருஷன் வந்ததை விட எனக்கொரு குதிரை வந்ததுதான் அந்த வீட்டில் பெரிய காரியம் என்று நான் எண்ணியிருந்தேன்.

அந்தக் குதிரைக்குத் தீனி போடும் பொறுப்பை அம்மா எடுத்துக்கொண்டார். மருமகனை மெலியவிட்ட வீடு என்று ஊரில் ஒரு பேச்சு வந்தால் அம்மாவால் தாங்க முடியாது. விடிந்ததும் முட்டையும் நல்லெண்ணெயும். மத்தியானம் குவியலாகச் சோறு, கோழி, இறால். கடைசியில் எருமைத் தயிரும் சர்க்கரையும். அத்தான் கையால் இலையை மறைத்துப் பார்ப்பார்.

“இது காணுமா மருமகன்? இன்னும் ரெண்டு அகப்பை” என்று அம்மா விரல் இடுக்கு வழியாகவே ஊற்றிவிடுவார்.

மாமியார் படைத்ததை வேண்டாம் என்பது பெரிய மரியாதைக் குறைவு. அத்தானோ மரியாதை தெரிந்தவர். வயல் வேலையை, அதை மேற்பார்க்கும் முல்லைக்காரரும் அவருடைய ஆட்களும் பார்த்துக்கொண்டார்கள். ஆகவே சாப்பிட்டுத் தூங்குவதைத் தவிர அவருக்கு வேறு வேலையும் இல்லை.

அடுத்த வருஷம் குதிரை படுத்துவிட்டது. நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கும். கால் வீங்கும். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தும் தாகம் அடங்காது. பரியாரியார் வந்து நாடி பார்த்தார். சோறு, தயிர், இனிப்பு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் குரக்கன் என்கிற கேழ்வரகும் கீரையும் சின்ன மீனும் கொடுக்க வேண்டும், உடம்பு வேர்க்க வேலை செய்யவிட வேண்டும் என்றார். இல்லாவிட்டால் அக்கா சின்ன வயதிலேயே வெள்ளைச் சேலை கட்ட வேண்டிவரும் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா அழுதார். மறுநாளே குரக்கன் பிட்டு அவித்தார். ஆனால் வெறும் குரக்கனை மருமகன் இலையில் எப்படி வைப்பது? தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் போட்டுப் பிசைந்து, மேலே நெய்யும் விட்டு வைத்தார். அது மருந்து என்பதால் வழக்கமான சாப்பாட்டை அதற்குப் பிறகு கொடுத்தார்.

அத்தான் வாவிக்கு அப்பால், படுவான்கரையில் இருந்த எங்கள் வயல் வட்டைக்குப் போய், அங்கிருந்த வாடிக் குடிசையில் தங்கிப் பார்த்தார். அம்மா சும்மா இருப்பாரா? அந்தப் பக்கம் போகிற தோணியில் எல்லாம் தயிர்ச் சட்டியும் கோழிக் கறியும் போயின. போனபடியே திரும்பி வந்தார் அத்தான்.

மாரி மழை தொடங்கிய ஒரு நாள் காலை, அக்கா முற்றத்தில் நின்று அயல் முழுக்கக் கேட்கக் கத்தினாள்.

“எங்கட ஊட்டுச் சோத்தத் திண்டு திண்டு கிடக்கிறீங்களே, ஒரு வரம்பு கட்ட ஏலுமா உங்களால?”

“இனி இந்த ஊட்டுல ஒரு வாய் தண்ணியும் குடிக்க மாட்டன்!” என்றார் அத்தான். துணிமூட்டையை எடுத்துக்கொண்டு துறைக்கு நடந்தார். மூட்டை முன்பே கட்டித் தயாராக இருந்ததை நான் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

உங்களுக்கு இதற்குள் விளங்கியிருக்கும். கோபித்துக்கொண்டு போன மருமகனுக்குச் சோறு அனுப்ப முடியாது. அனுப்பினால் சட்டி அப்படியே திரும்பி வரும், அதைவிட மானக்கேடு இல்லை. பெரியவர்கள் போய்ச் சமாதானம் பேசி அழைத்து வரும்வரை எங்கள் குசினி அடுப்புக்கும் அவருக்கும் தொடர்பில்லை. அக்காவும் அத்தானும் பேசிவைத்துச் செய்த வேலை அது. எனக்கும் கலியாணமாகி, என் வீட்டிலும் ஒரு மருமகன் வந்து உட்கார்ந்த பிறகுதான் அக்கா அதை வாய்விட்டுச் சொன்னாள். அத்தான் போன அன்றைக்கோ நான் அவளோடு பேசுவதையே விட்டுவிட்டேன். ஊர்ப் பெண்கள் அவளை வாய்க்காரி என்றார்கள். வாழ வந்தவனை விரட்டியவள் என்றார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு தண்ணீர் அள்ளப் போய்வந்தாள்.

தை பிறந்ததும் அப்பா சமாதானம் பேசப் படுவான்கரைக்குப் புறப்பட்டார். நானும் அடம்பிடித்துத் தோணியில் ஏறிக்கொண்டேன். அத்தான் முழங்கால் சேற்றில் நின்று உடைந்த வரம்பைக் கட்டிக்கொண்டிருந்தார். முகத்தில் இருந்த ஊதல் எல்லாம் வற்றியிருந்தது. வாடியில் உட்கார்ந்து அவரும் அப்பாவும் குரக்கன் களியும் மீன் ஆணமும் சாப்பிட்டார்கள். சமாதானப் பேச்சு எதுவும் நடக்கவில்லை. மழையைப் பற்றியும் வயலில் இறங்கும் பன்றியைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

“ஊட்ட வாங்க அத்தான்” என்று அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

“கோபம் இன்னும் ஆறல்ல புள்ள. வெள்ளாமை வெட்டி முடியட்டும்” என்று சொல்லிச் சிரித்தார்.

திரும்பி வரும்போது அப்பா தோணியில் பாடிக்கொண்டு வந்தார். வீட்டு வாசலை மிதித்ததும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, மருமகன் மசியவில்லை என்று அம்மாவிடம் சொன்னார். பெண்ணைப் பெற்றவருக்குப் பாட்டு என்ன வேண்டிக் கிடக்கிறது என்று எனக்கு அவர்மேல் ஆத்திரமாக வந்தது.

வெள்ளாமை வெட்டி முடிந்த பின் அத்தான் வந்தார். துறையில் இருந்து நெல் மூட்டையைத் தானே தோளில் சுமந்து, மூச்சு வாங்காமல் வந்து முற்றத்தில் இறக்கினார். சமாதான விருந்தைப் பார்க்க அயல் பெண்கள் வந்து கூடிவிட்டார்கள். அம்மா நெடுநேரம் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குசினிக்குள் போய், அக்கா தனக்கென்று அவித்து வைத்திருந்ததை எடுத்து வந்து அவர் இலையில் வைத்தார். குரக்கன் பிட்டு, முருங்கைக் கீரை, மீன் ஆணம். நெய் இல்லை, தயிர் இல்லை. பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

“அத்தானுக்குத் தயிர் வைங்கம்மா” என்றேன்.

“இல்ல மகள். இனி இதுதான்” என்றார் அம்மா.

வந்த மருமகனுக்குக் குரக்கன் போட்டவள் என்று அன்று பின்னேரமே ஊர் பேசியது. அக்கா சுமந்த பேச்சில் பாதியை அம்மா அந்த இலையோடு தன் தலையில் ஏற்றிக்கொண்டார். அது எனக்கு விளங்கவில்லை. அம்மா அத்தானை இன்னும் மன்னிக்கவில்லை, நல்ல சாப்பாடு போடாமல் பழி தீர்க்கிறார் என்று நினைத்து, அடுப்படியில் போய் இருந்து தேம்பித் தேம்பி அழுதேன்.