இரண்டு உலக்கையும் ஒரு கியரும்

போன ஞாயிற்றுக்கிழமை நம் பழைய லாரி டிரைவர்கள் கூடிய விழாவில் ஒரு அநியாயம் நடந்துவிட்டது. எனக்குக் கியர் போடக் கற்றுக்கொடுத்த குரு என்று கோவிந்தன் அண்ணனை மேடையேற்றி, என் கையாலேயே சால்வை போர்த்த வைத்தார்கள். நம் வாட்ஸ்அப் குரூப்பில் இன்னமும் அந்தப் படம்தான், கீழே 'குரு' என்ற வரியோடு, சுற்றிக்கொண்டிருக்கிறது.

அவர் குரு இல்லை. எனக்குக் கற்றுக்கொடுத்தவள் என் மனைவி செல்லம்மாள். அவள் இன்றுவரை சைக்கிள்கூட ஓட்டியதில்லை.

சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.

எழுபதுகளின் கடைசி. அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் குழி. காலை பத்து மணிக்கே வெள்ளைத் தூசி நாக்கில் மாவு மாதிரி ஒட்டும்... கூடவே சூடான டீசல் வாடை. எங்கள் ஊர் குரும்பலூரில் வேலை இல்லாமல் நாங்கள் இரண்டு பேரும் அங்கே வந்திருந்தோம். நான் லாரிக்குக் கல் ஏற்றுவேன். குழியிலிருந்து லாரி ஏறிவரும் மேட்டுப் பாதை ஓரத்தில் உட்கார்ந்து அவள் கல் உடைப்பாள்.

எனக்கு எப்படியாவது ஸ்டியரிங் பிடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஆயுசுக்கும் தோளில் கல்தான்.

கோவிந்தன் அண்ணன் அங்கே பெரிய டிரைவர். நல்ல மனுஷன். டீ வாங்கிக் கொடுப்பார். கியர் கம்பியை மட்டும் தொட விட மாட்டார்.

"கல்லு தூக்குற கைடா அது... கியர் பாக்ஸ ஒடச்சிப்புடுவ."

மத்தியானம் அவர் வேப்பமரத்தடியில் படுத்ததும் நானே ஏறிப் பழகினேன். அந்தக் கால லாரியில் கிளட்சை ஒரு தடவை மிதித்தால் போதாது. மிதித்து, நியூட்ரலுக்கு இழுத்து, காலை எடுத்து, மறுபடி மிதித்துத்தான் அடுத்த கியர். நடுவில் இஞ்சின் வேகம் ஒத்துவர வேண்டும். வராவிட்டால் பல்லோடு பல் மோதி 'க்ர்ர்ர்' என்று குழி முழுக்கக் கேட்கும். எனக்குத் தினமும் கேட்டது. நான் இன்னும் பலமாகத் தள்ளினேன். பலம்தானே என்னிடம் இருந்தது!

அந்தச் சத்தத்துக்கு அண்ணன் விழிக்காமல் இருந்திருக்க முடியாது. ஆனால் ஒருநாளும் எழுந்து வந்து தடுத்ததில்லை. அதற்காக வேண்டுமானால் ஒரு சால்வை போடலாம்.

ஒரு சாயங்காலம் செல்லம்மாள் கம்பு இடித்துக்கொண்டே சொன்னாள்.

"மாமா, நீ ரொம்ப அவசரப்படுற."

"கியரப் பத்தி ஒனக்கு என்னாடி தெரியும்?"

"கியரு தெரியாது. சத்தம் தெரியும். பகல் பூரா அதத்தான கேக்குறேன்? கோவிந்தண்ணன் நடுவுல ஒரு மூச்சு வுடுறாரு. நீ வுட மாட்டேங்குற."

பக்கத்து வீட்டில் இன்னொரு உலக்கை வாங்கிவந்து என் கையில் கொடுத்தாள். ஒரே உரல், இரண்டு உலக்கை. என்னுடையது இறங்கும்போது அவளுடையது ஏற வேண்டும். அவசரப்பட்டால் நடுவில் மோதும். முதல் நாள் நாலு தடவை மோதி, அவள் கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது. அவள் நிறுத்தவில்லை.

"கண்ண மூடு மாமா. என்னுது எறங்குற சத்தத்தக் கேளு. ஹூம்... இப்ப போடு."

எங்கள் லைன் வீடுகளில் குடியிருந்த மாணிக்கம் எட்டிப் பார்த்தான். "என்னா மாப்ள, உலக்கையா? அடுத்து கோலம் போடுவியா?"

"போடுவாரு. ஒன் வூட்டு வாசலுக்கும் சேத்துப் போடச் சொல்றேன், போ!" என்றாள் இவள்.

பதினைந்து நாள் இடித்தோம். தேவைக்கு மேலேயே மாவு சேர்ந்துவிட்டது.

அந்த மாதம் ஒரு டிரைவர் திருச்சிக்குப் போய்விட்டார். லோடு வண்டியை மேட்டில் ஏற்றிக் காட்டுகிறவனுக்கு ஸ்டியரிங் என்றார் முதலாளி. "பல்லு சத்தம் என் காதுல வுழுந்துச்சு, எறங்கிடணும்." அவரே பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

பாதி மேட்டில் வண்டி இழுக்கவில்லை. இரண்டாம் கியரிலிருந்து ஒன்றுக்கு வர வேண்டும். தவறினால் பின்னால் உருளும். கிளட்ச், நியூட்ரல்... என்னை அறியாமல் வாய் "ஹூம்" என்றது. ஆக்சிலேட்டரில் ஒரு தட்டு. மறுபடி கிளட்ச். "ஹூம்..."

"என்னாடா, பிரசவ வலியா?" என்றார் முதலாளி.

தாழ்ப்பாள் விழுவது போல 'டக்' என்று உட்கார்ந்தது கியர். வண்டி ஏறிவிட்டது. பாதை ஓரத்தில் செல்லம்மாள் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றாள்.

மேலே போனதும் முதலாளி கேட்டார், "யாருடா கத்துக்குடுத்தது?"

வண்டியைச் சுற்றி நாலைந்து டிரைவர்கள் கூடி நின்றார்கள். பெண்டாட்டி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"கோவிந்தண்ணன்தாங்க" என்றேன்.

அன்று நான் விட்ட பொய்தான் இன்று மேடை ஏறியிருக்கிறது. அன்றைக்குச் சாயங்காலமே அவள் கேட்டாள், "மொதலாளி என்ன கேட்டாரு?" "ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டேன்.

பிறகு லைசென்ஸ் எடுத்து, ரோட்டுக்கு வந்து, பாடாலூர் வழியாக எத்தனையோ லோடு அடித்தேன். இப்போது அந்தக் குழியில் தண்ணீர் நிற்கிறது. மகன் வாங்கியிருக்கும் காரில் கியர் மாற்றும் வேலையே இல்லை. சுகமாகத்தான் போகிறது... ஆனால் பயணம் முழுக்க இவளும் நானும் ஆளுக்கொரு ஜன்னல் பார்த்து உட்கார்ந்திருக்கிறோம்.

சரி, ஆக வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். குரூப் அட்மின் தம்பி அந்தப் படத்தின் கீழுள்ள வரியை இன்றே மாற்ற வேண்டும். விழாக் கமிட்டிக்காரர்கள் அடுத்த கூட்டத்தில் அவள் பெயரை மைக்கில் சொல்ல வேண்டும். இன்னாரின் மனைவி என்று இல்லை, செல்லம்மாள் என்று. கோவிந்தன் அண்ணன் சால்வையைத் திருப்பித் தர வேண்டாம். யாராவது குரு என்று கூப்பிட்டால் தலையாட்டாமல் இருந்தால் போதும்.

மிச்சம் நான். நாளைக் காலை அவளை எதிரில் உட்காரவைத்து, முதலாளி என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன் என்பதைச் சொல்ல வேண்டும். அவளுக்கு இப்போது காது மந்தம். கத்தித்தான் சொல்ல வேண்டியிருக்கும். தெருவே கேட்கட்டும்.