ஒரு கால் காணோம்

என் அலமாரியின் மேல்தட்டில் ஒரு கறுப்புப் பள்ளி ஷூ இருக்கிறது. வலது கால், குழந்தை அளவு பன்னிரண்டு. அதன் இடது கால் வேலூர் ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் மாற்றும்போது எங்கோ போய்விட்டது.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் பேக்கிங் பிரிவில் முப்பத்தோரு வருடம் எண்ணிக்கை பார்த்தவன் நான். எங்களுக்குக் கால் என்றால் ஷூ. யாராவது "சார், ஒரு கால் காணோம்" என்றால், அது கிடைக்கும்வரை பெட்டி வெளியே போகாது. என் மகளும் அதே வேலைக்குப் போகிறவள். வீட்டிலும் அந்தப் பேச்சுதான்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு மாலை. நாலு பத்துக்கு மாதனூர் நிறுத்தத்தில் பள்ளி வேனிலிருந்து ஏழு வயதுப் பேத்தியை இறக்கி அழைத்து வந்தேன். வாய் ஓயாதவள், அன்று பேசாமல் பின்தங்கியே வந்தாள். வீட்டுப் படியில் உட்கார்ந்ததும் குழறலாக, "தாத்தா, கால் காணோம்" என்றாள். பார்த்தேன். வலது பாதத்தில் ஷூ இல்லை.

"வாங்கி இருபது நாள் ஆவல, அதுக்குள்ள தொலைச்சிட்டியா?" என்று கத்தினேன். அவள் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. "இளிக்காத. இங்கியே உக்காரு, வர்றேன்" என்று சொல்லிவிட்டு வந்த வழியே திரும்பினேன். என் நடையில் முந்நூற்று நாற்பது காலடி. மாவு மில் கால்வாயோரம் கிடந்தது. தேடி எடுத்துத் துடைத்துக்கொண்டு திரும்பப் பதினெட்டு நிமிடம்.

பேத்தி படியில் சரிந்து கிடந்தாள். எச்சில் வழிந்தது. வலது கை யாருடையதோ போலக் கிடந்தது. பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் ஓடிவந்தார். "இன்னா சார், புள்ளைக்கு வாயி கோணிக்கினு கீது, நீங்க ஷூவப் புடிச்சினு நிக்கிறீங்க!"

மூளைக்குப் போகும் குழாயில் ரத்தம் உறைந்து அடைத்திருக்கிறது என்றார் டாக்டர். நாலு மாதம் முன்பு வந்த சின்னம்மை அந்தக் குழாயைப் புண்ணாக்கியிருக்கலாமாம். "கொழந்தைக்குமா பக்கவாதம்?" என்று மகள் கேட்டாள். "வயித்துல இருக்குற கொழந்தைக்குக்கூட வரும்மா." எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார். நேரத்தைச் சொன்னேன். ஷூ தேடப் போனதைச் சொல்லவில்லை.

பத்து நாள் கழித்து, மகள் இல்லாத நேரத்தில், பதினெட்டு நிமிடம் முன்னால் வந்திருந்தால் கை காலைக் காப்பாற்றியிருக்க முடியுமா என்று டாக்டரிடம் கேட்டேன். "அப்படிப் பிரிச்சுச் சொல்ல முடியாதுங்க ஐயா" என்றார். முடியும் என்றோ இல்லை என்றோ சொல்லியிருந்தால்கூட எதையாவது பிடித்துக்கொண்டிருப்பேன்.

இப்போது அவளுக்குப் பத்து வயது. வலது காலில் பிளாஸ்டிக் பட்டை. அதன்மேல் மாட்ட வலது ஷூ ஒரு அளவு பெரிதாக வேண்டும். ஒரு ஜோடிக்கு இரண்டு ஜோடி வாங்குகிறோம். இதுவரை நான்கு முறை. எட்டு ஒற்றைக் கால்கள் மிச்சம். அந்த முந்நூற்று நாற்பது காலடி அவளுக்கு ஐந்நூற்றுப் பன்னிரண்டு. எண்ணிக்கொண்டே பின்னால் நடக்கிறேன். விழப் போனால் பிடிப்பதற்குள் விழுந்துவிடுகிறாள்.

போன ஞாயிறு நான் அலமாரியைத் துடைக்கக் கீழே இறக்கிவைத்திருந்த அந்தப் பழைய ஷூவை இடது கையால் எடுத்துப் பார்த்தாள்.

"தாத்தா, இன்னொரு கால் எங்க?"

"ஆஸ்பத்திரில தொலைஞ்சிபோச்சிடி" என்று அடுப்படியிலிருந்து மகள் குரல் கொடுத்தாள். "அவரக் கேக்காத, எண்ண ஆரம்பிச்சிடுவாரு."

பேத்தி சிரித்தாள், வாய் இன்னும் லேசாகக் கோணும். அன்று படியில் சொன்னது போலில்லை, இந்த முறை அவள் கேட்டது ஷூவைத்தான்.