ரத்தத்தில் ஒரு பங்கு

என் வீட்டு மாடிப்படிக்குக் கீழே நீல வண்ணம் அடித்த மரப்பெட்டி ஒன்று கிடக்கிறது. உள்பக்கம் தகரம் பதித்த மீன் பெட்டி அது. எத்தனை முறை கழுவினாலும் மழைநாளில் வாடை கிளம்பும். தூக்கிப் போடச் சொல்லிச் சொல்லி மருமகளுக்கு அலுத்துவிட்டது. காரைக்காலில் நாங்கள் செய்த மருந்து முதல் உயிரைக் காப்பாற்றப் போனது இதில்தான் என்றால் சிரிக்கிறாள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. டாக்டரம்மா ஒரு மருத்துவக் கல்லூரியின் ரத்த ஆய்வுக்கூடத்தில் இருந்தவர். ரத்தம் உறையாத பிறவிக் கோளாறுக்கு அங்கே சிறிய அளவில் மருந்து தயாரித்துப் பார்த்தவர், அதைத் தனி நிறுவனமாக நடத்தக் கல்லூரியின் சம்மதத்தோடு வெளியே வந்தார். சொந்த ஊரான காரைக்காலில் ஐஸ் பேக்டரி ஒன்றின் பின்கட்டை வாடகைக்குப் பிடித்தார். கேலி செய்யாதவர் இல்லை. அவரோ, ஊரில் கரண்ட் போனாலும் இங்கே ஜெனரேட்டர் ஓடும், மீன்காரர்கள் ஓடாமல் விடமாட்டார்கள் என்றார். நான் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். ரத்தத்தின் தெளிநீரான பிளாஸ்மாவைப் பிரித்து ஐஸாகக் கட்டியாக்கி, குளிரிலேயே மெல்ல இளகவிட்டால் அடியில் வெள்ளையாகக் கொஞ்சம் மண்டி தங்கும். ரத்தத்தை உறையவைக்கும் சத்து அதில்தான் இருக்கிறது. அவசரப்பட்டால் எல்லாம் வீண். "பொறுமையா செஞ்சா நிக்காத ரத்தமும் நிக்கும்" என்பார். சந்தேகம் என்ற பொருளை அவர் வீட்டில் வாங்கி வைத்ததே இல்லை.

பக்கத்து மீனவ ஊரான கிளிஞ்சல்மேட்டு இளைஞன் ஒருவன் ஆஸ்பத்திரிக்கு வந்தான். இந்தக் கோளாறால் கடலுக்குப் போகாமல் கரையில் வலை பழுதுபார்ப்பவன். பல் பிடுங்கிய இடத்தில் ரத்தம் நிற்கவில்லை. எங்களிடம் இருந்த மருந்து அன்றைக்கு மட்டும் தாங்கும். மறுநாள் அவன் உயிரோடு இருக்க வேண்டுமானால் அன்றே புது ரத்தம் எடுத்தாக வேண்டும்.

படகுகள் திரும்பும் நேரம் பார்த்து அவன் ஊருக்குப் போனோம். அங்கேதான் டாக்டரம்மா சறுக்கினார். கடலிலிருந்து வெறும் வயிற்றோடு இறங்கிய வாட்டசாட்டமான ஒருவரை, சாப்பிட்டாரா என்று கேளாமல், முதல் ஆளாக ஊர்க் கொட்டகையில் படுக்கவைத்து ரத்தம் எடுத்தார். எழுந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். ரத்தம் கொடுத்தால் வலை இழுக்கத் தெம்பிருக்காது என்று ஏற்கெனவே பயந்திருந்தவர்களுக்கு அது போதும். ஆளாளுக்கு நகர்ந்தார்கள். டாக்டரம்மாவின் முகம் வெளுத்ததை அன்றுதான் பார்த்தேன். பையன் போய்விடுவான் என்றே நினைத்தேன்.

மணலில் அன்றைய மீனைப் பங்கு பிரித்துக்கொண்டிருந்தார்கள். படகுக்கு, வலைக்கு, கடலுக்குப் போன ஒவ்வொருவருக்கும் பங்கு உண்டு. வலை பார்க்கும் அந்தப் பையனுக்கு அரைப் பங்கு. ஆஸ்பத்திரியில் கிடந்தாலும் அவனுக்கு எடுத்து வைத்திருந்தார்கள். மீன் விற்கும் அவன் தாயார் அந்தப் பங்கை வாரி, பொதுக் குவியலிலேயே திரும்பக் கொட்டினார்.

"எம் புள்ளைக்கு இன்னைக்கி மீன் வேணாம். ரத்தத்துல ஒரு பங்கு பிரிச்சுக் குடுங்க."

இளநீர் குடித்துத் தெளிந்திருந்த, முன்பு மயங்கி விழுந்தவர்தான் வாய் திறந்தார்.

"பங்குன்னு கேட்டுருச்சு. இல்லேன்னு சொல்ல முடியுமா?"

சோறு சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னார் டாக்டரம்மா. வந்த ஒவ்வொருவரிடமும் என்ன சாப்பிட்டார் என்று துருவித் துருவிக் கேட்டார். ஐஸ் பேக்டரிக்குத் திரும்பியதும் வேலையில் இறங்கினோம். மறுநாள் மருந்துப் பைகளை ஐஸுக்கு நடுவே அடுக்கி அனுப்ப எங்களிடம் வேறு பெட்டி கிடையாது. ஊர்க்காரர்கள் கொடுத்த இந்த மீன் பெட்டியில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனது. ரத்தம் நின்றது.

பையன் வீடு திரும்பிய வாரம் பெட்டி எங்களிடம் வந்தது, நிறைய மீனோடு. அது அவனுடைய அரைப் பங்கு. டாக்டரம்மா பிறந்ததிலிருந்து மீனைத் தொடாதவர். எங்களுக்குக் கொடுத்துவிடுவார் என்று காத்திருந்தோம். அவரோ பெரிய மீனாக ஒன்றை எடுத்துக் காகிதத்தில் சுற்றினார். "பங்குன்னு வந்தா வாங்கிக்கணும்" என்று சொல்லி வீட்டுக்கு எடுத்துப்போனார். அங்கே அதை என்ன செய்தார் என்று கேட்க எங்களில் எவருக்கும் துணிச்சல் வரவில்லை.

இப்போது அந்த மருந்து சின்னக் குப்பியில் பொடியாக வருகிறது. டாக்டரம்மா காலமாகிவிட்டார். ஐஸ் பேக்டரி இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் நிற்கிறது. ஆனால் ஆண்டுதோறும் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கரை திரும்பும் முதல் நாளில், தலை நரைத்துவிட்ட அந்தப் பையன், மூட்டில் ரத்தம் கசிந்து தேய்ந்த காலைச் சற்றுச் சாய்த்து நடந்து என் வீட்டுக்கு வருவார். மாடிப்படிக்குக் கீழே குனிந்து, நீலப் பெட்டியை இழுத்து, அதில் மீனை வைப்பார்.

"டாக்டரம்மா பங்குங்க" என்பார்.

நான் வாங்கிக்கொள்கிறேன். வாடை எப்படிப் போகும்?